கையும் கல்வியும்

தில்லையடி என்றதும் தமிழகத்தைச் சேர்ந்த நேயர்களுக்குத் தரங்கம்பாடியை அடுத்த சிற்றூரொன்றும், தென்னாபிரிக்க அறப்போரிலே சிறைசென்று 1914ஆம் ஆண்டில் இளவயதிலேயே உயிர்நீத்த வள்ளியம்மையும் நினைவில் எழுதல் இயல்பு. நான் இன்று பேச எடுத்துக்கொண்ட தில்லையடி வேறு. இலங்கையின் வடமேற்குக் கரையிலே, புத்தளம் நகரை அடுத்து, களப்பிலிருந்து வரும் உப்புக் காற்றை நாள்தோறும் நுகரும் ஊர் அது. தில்லை என்பது கண்டற் காடுகளிலும் உவர்நிலங்களிலும் வளர்கின்ற ஒரு மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரை ஈந்ததும் அம்மரமே. அதன் கிளையை ஒடித்தால் வெண்பால் வடியும். அந்தப் பால் தோலிற் பட்டாற் கொப்புளம் எழும். கண்ணிற் பட்டாற் பார்வையே கெடும். புத்தளம் களப்பின் கரையோரங்களில் அது இன்றும் வளர்கின்றது.

ஆகவே, “இலை பொறுக்கி வாருங்கள்” என்று பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே அனுப்ப எண்ணும் ஓர் ஆசிரியர், முதலில் அவர்களைக் களப்போரம் அழைத்துச் சென்று, சற்றுத் தூரத்தில் நின்று தில்லையைச் சுட்டிக்காட்டி, அதனைத் தொடலாகாது என்று பழக்கவேண்டும். புத்தகத்தில் அச்சிட்ட ஆலிலையின் படத்தைப் பார்த்துக் கற்கும் பிள்ளைக்கு இந்த அபாயம் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் கையில் இலையும் இல்லை.

தொடக்க வகுப்பிலே கையாற் செய்து கற்பதைப்பற்றி நம்மிடையே இரண்டு எண்ணங்கள் வேரூன்றியிருக்கின்றன. பாடம் முடிந்தபின் எஞ்சிய நேரத்தைப் போக்கும் விளையாட்டு அது என்பது ஒன்று. அதற்குப் பணம் வேண்டும் என்பது மற்றொன்று. வண்ணத் தாளும், ஒட்டுப் பசையும், மினுக்குப் பொடியும் கடையில் வாங்கிவரச் சொல்லிப் பிள்ளைகளிடம் சீட்டுக் கொடுத்தனுப்பும் வழக்கத்தால் இரண்டாவது எண்ணம் வலுப்பெற்றுவிட்டது. வாப்பா கடையிலே வாங்கி வருகிறார், உம்மா இரவு பதினொரு மணி வரை விழித்திருந்து வெட்டி ஒட்டுகிறார், பிள்ளை உறங்கிவிடுகிறது. மறுநாட் காலையிலே கண்காட்சி மேசைமீது பிள்ளையின் பெயரோடு ஓர் அழகிய மாட்டுவண்டி நிற்கிறது. பார்க்க வருவோர் வியக்கிறார்கள். அந்த வண்டியின் சக்கரம் ஏன் உருளவில்லை என்று கேட்டால், பெயருக்குரிய பிள்ளைக்கு விடை தெரியாது. இப்படிப்பட்ட கைவேலையை நான் கைவேலை என்று ஏற்பதில்லை. அது பெற்றோர்க்கு வைக்கும் பரீட்சை.

கையாற் கற்றல் மேனாட்டிலிருந்து நமக்கு வந்த புதுமை என்று எண்ணுவோரும் உளர். அவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுதி, வாயாற் சொல்லி அரிச்சுவடி பயின்றார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், சென்னை எழும்பூரிலே படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கென இருந்த பள்ளியை மேற்பார்த்தவர் அந்திரூ பெல் என்னும் ஸ்கொட்லாந்துப் பாதிரியார். நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்ட அவர், அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். கற்றறிந்த மாணாக்கன் கல்லாதவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அதனோடு சேர்த்தார். 1797ஆம் ஆண்டில் இதுபற்றி இலண்டனிலே நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்னும் பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளிற் பரவிற்று. நம் கடற்கரை மணல் அங்ஙனம் கப்பலேறிப் போயிற்று.

அதன்பின் நாற்பதாண்டு கழித்து, 1837இல், ஜெர்மனியிலே புரோபெல் என்பார் மரக்கட்டைகளையும் பந்துகளையும் குழந்தைகளின் கையிற் கொடுத்துக் கற்பிக்கும் பள்ளியைத் தொடங்கினார். 1907இல் உரோம நகரிலே மரியா மொண்டிசோரி அம்மையார் தம் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்தார். மணற்றாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தை விரலால் தடவித் தடவி அறியும் வழி அவருடையது. அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலே தங்கினார். 1944இல் நம் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். மணலில் எழுதுவதைத் திண்ணையோடு கைவிட்ட நாம், அதனையொத்த ஒன்றை மணற்றாளாக விலைகொடுத்து வாங்கிக்கொண்டோம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆயினும் அம்மையார் செய்தது பெரிய காரியம். திண்ணையிலே பிள்ளை ஆசிரியரின் பிரம்புக்கு அஞ்சி எழுதிற்று. அவருடைய பள்ளியிலே தன் விருப்பத்தால் எழுதிற்று.

நம் நாட்டுக் கலைத்திட்டத்திலும் இதற்கு இடமில்லாமல் இல்லை. 1998இல் கம்பஹா மாவட்டத்திலே வெள்ளோட்டமாகத் தொடங்கி, 1999 முதல் நாடெங்கும் முதலாந் தரத்தில் நடைமுறைக்கு வந்த தொடக்கக் கல்விச் சீர்திருத்தம், விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை ஆகிய மூன்று வழிகளிலும் பிள்ளை கற்கவேண்டுமென விதித்தது. ஒன்றாம் இரண்டாம் தரங்களில் விளையாட்டு மேலோங்கவேண்டும். ஐந்தாந் தரத்தை நெருங்க நெருங்க எழுத்துவேலை மிகவேண்டும். ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்று ஒரு பாடமே அமைக்கப்பட்டது. எழுதியவர்கள் நன்றாகவே எழுதினார்கள். அச்சிட்ட அந்தச் சொல் வகுப்பறைக்குள் புகும்போது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

தில்லையடியிலே ஒரு மூன்றாந் தர வகுப்பை எண்ணிக்கொள்வோம். நாற்பது பிள்ளைகள். ஓர் ஆசிரியை. பணம் செலவிடாமல் அவர் என்ன செய்யலாம்?

அவ்வூரைச் சுற்றிக் கொட்டிக் கிடப்பது உப்பும் மணலும் தென்னோலையும் சிப்பியும். புத்தளத்து உப்பு பழம்புகழ் வாய்ந்தது. கண்டி இராச்சியத்தார் இதனை நம்பியிருந்தார்கள். ஒல்லாந்தர் இதன்மீது கண்வைத்தார்கள். இன்றும் பாலாவியைச் சூழ்ந்த உப்பளங்களைப் பிள்ளைகள் பேருந்தின் யன்னல்வழியே காண்கின்றார்கள். ஆனால் உப்பு எப்படி விளைகிறது என்று கேட்டுப் பாருங்கள். “கடல்நீர் வற்றி உப்பாகிறது” என்று ஒரே குரலில் ஒப்புவிப்பார்கள். அது சரியான விடைதான். அந்த விடைக்குள் எத்தனை வியப்புகள் மறைந்து கிடக்கின்றன என்பது, தாமே உப்பு விளைவித்த பிள்ளைகளுக்கு மட்டுமே தெரியும்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். ஆறு பிள்ளைகளுக்கு மூன்று தேங்காய்ச் சிரட்டைகள். கண்ணுள்ள பாதி ஒழுகும். ஆகையால் கண்ணில்லாத பாதியைத் தேர்ந்தெடுக்கவேண்டும். இதனையும் ஆசிரியை சொல்லவேண்டியதில்லை. ஒரு குழுவின் சிரட்டை ஒழுகினால் அடுத்த நாள் எல்லாரும் அறிந்துவிடுவார்கள். மூன்று சிரட்டைகளிலும் ஒரே அளவு கடல்நீரை ஊற்றுக. ஒன்றை வெயிலில் வைக்க. ஒன்றை வகுப்பறை நிழலில் வைக்க. மூன்றாவதை ஒரு தட்டால் மூடிவைக்க. நாள்தோறும் ஓர் ஈர்க்கை நீரில் நட்டு, நனைந்த அளவிலே நகத்தாற் கீறி அடையாளமிட்டு, அந்த ஈர்க்கைக் கொப்பியில் ஒட்டுக. ஒரு வாரம் சென்றதும் கொப்பியிலே ஈர்க்குகள் படிப்படியாகக் குறுகி நிற்பதைப் பிள்ளை பார்க்கும். வரைபு என்னும் சொல்லைப் பின்னாளில் உயர்வகுப்பிற் கேட்கும்போது, அதனைத் தான் முன்னரே செய்திருப்பதை அது உணரும்.

இனிமேல்தான் வியப்பு. நீர் பாதியாகக் குறையும், உப்பு வராது. காற்பங்காகக் குறையும், அப்போதும் வராது. பிள்ளைகள் சலிப்படைவார்கள். “எங்கள் சிரட்டை பழுது” என்று ஒரு குழு முறையிடும். கடல்நீர் ஏறத்தாழப் பத்திலொரு பங்காகச் சுண்டும்வரை கறியுப்புப் படியத் தொடங்குவதில்லை. அதற்கு முன் சுண்ணமும் ஜிப்சமும் மெல்லிய மாசுபோல அடியிற் படியும். பெரிய உப்பளங்களிலும் இதற்காகவே நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிச் சுண்டவிடுகிறார்கள். பின்பு ஒருநாட் காலையிலே சிரட்டையின் ஓரத்தில் வெண்பரல்கள் தோன்றும். இந்தச் செய்தியை முதல்நாளே சொல்லிவிடும் ஆசிரியர் அறிவாளியாக இருக்கலாம், நல்லாசிரியர் அல்லர். இந்த ஒரு வாரமும் தம் நாவை அடக்கிக்கொள்ளும் ஆசிரியையே பிள்ளைக்கு எதையோ கொடுக்கின்றார்.

வெயிலில் வைத்த சிரட்டையில் உப்பு விரைவில் விளையும், பரல்கள் சிறியனவாயிருக்கும். நிழற் சிரட்டையில் நாட்செல்லும்; ஆனால் பரல்கள் பெரியன. உருப்பெருக்குக் கண்ணாடி இல்லையே என்று வருந்தவேண்டியதில்லை. தெளிந்த பொலித்தீன் துண்டின்மீது ஒரு துளி நீரை விட்டு, அதனூடே பார்த்தாற் போதும். ஒவ்வொரு பரலும் சதுர முகங்களையுடைய கனசதுரம். “யார் இதை இப்படி வெட்டியது?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். மூன்றாந் தரத்துப் பிள்ளைக்கு அணு அமைப்பை விளக்க முற்படுவது வீண். “எல்லாமே சதுரமா என்று தேடிப் பாருங்கள்” என்று திருப்பி அனுப்பிவிடலாம். உடைந்த பரல் கிடைக்கும். ஒட்டிப் பிறந்த பரல் கிடைக்கும். வட்டமான பரல் கிடைக்காது.

கணக்குப் பாடமும் இதனுள்ளேயே இருக்கிறது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புப் பொருள்கள் கரைந்திருக்கின்றன. ஒரு சிரட்டையில் 200 மில்லிலீற்றர் கொள்ளுமாயின் 7 கிராம், அஃதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மிகுதி, எஞ்சவேண்டும். எஞ்சிற்றா என்று கடைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். களப்பு நீரில் இந்த அளவு மழைக்காலத்துக்கும் கோடைக்கும் மாறும் என்பதையும் அப்போது காணலாம். இன்னுமொன்று: அந்த உப்பைப் பிள்ளைகள் வாயிலிட விடலாகாது. ஊரின் கழிவு கலக்கும் நீரிலிருந்து வந்தது அது.

உப்பைப்பற்றி நீண்டுவிட்டேன். மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கழித்தற் கணக்கிலே ‘கடன் வாங்குதல்’ என்னும் இடத்தில் இடறாத பிள்ளை அரிது. 32இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால், “இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்து வீட்டிலே கடன் வாங்கு” என்று மந்திரம்போல் ஓதிக் கற்பிக்கின்றோம். வாங்கிய கடனை ஏன் திருப்பிக் கொடுப்பதில்லை என்று ஒரு பிள்ளை கேட்டால் நமக்கே விடை தெரியாது. தென்னோலையின் ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டிவைத்துக்கொள்ளுங்கள். மூன்று கட்டுகளும் இரண்டு தனி ஈர்க்குகளும் 32. பதினேழை எடு என்றால், பிள்ளை ஒரு கட்டை அவிழ்த்தே தீரவேண்டும். அவிழ்த்தால் தனி ஈர்க்குகள் பன்னிரண்டு. ஏழை எடுத்தால் ஐந்து. எஞ்சிய இரண்டு கட்டுகளில் ஒன்றை எடுத்தால் ஒன்று. விடை 15. இங்கே கடனுமில்லை, பக்கத்து வீடுமில்லை. கட்டு அவிழ்ந்தது, அவ்வளவே. பத்துக் கட்டுகளைச் சேர்த்துக் கட்டினால் நூறு. நூறு என்பது எவ்வளவு பருமனானது என்பதைக் கையிலெடுத்துப் பார்த்த பிள்ளை, பின்பு நூற்றைப் பத்தென்று எழுதிவிட்டுத் திருப்தியடையாது.

அதே ஓலையிலே ஆறு கீற்றை நெடுக்கிலும் எட்டுக் கீற்றைக் குறுக்கிலும் வைத்து, ஒன்று மேலும் ஒன்று கீழுமாக முடைந்தால், எண்ணிப் பார்க்க 48 கட்டங்கள். ஒரு பக்கக் கீற்றுக்குச் சாயம் தோய்த்திருந்தால் அவற்றிற் பாதி சாயக் கட்டம், பாதி வெளிர்க் கட்டம். ஓரிடத்தில் இரண்டைத் தாண்டிவிட்டாலும் அந்தப் பிழை வரி முழுவதும் தெரியும். ஆசிரியை சிவப்பு மையால் தவறென்று குறிக்கவேண்டியதில்லை, பாயே காட்டிக்கொடுத்துவிடும். பிள்ளை தானே பிரித்துத் தானே திருத்தும். இந்த நன்மை கொப்பியில் எழுதும் கணக்குக்கு இல்லை.

ஈர மணலிலே ஊரின் படம் அமைப்பது மற்றொன்று. கிழக்கே புத்தளமும் தில்லையடியும், மேற்கே நீண்டு வடக்கு நோக்கிச் செல்லும் கற்பிட்டிக் குடாநாடு, இடையிலே களப்பு. நீரை ஊற்றினால் களப்பின் வாய் வடக்கே இருப்பது தெரியும். சோளகம் எப்பக்கமிருந்து வீசும், வாடை எப்பக்கமிருந்து வரும் என்று ஓலைக் காற்றாடியைப் பிடித்துப் பார்த்துக் குறிக்கலாம். கற்பிட்டிப் பக்கத்தில் நிற்கும் மாபெரும் காற்றாலைகளின் முகம் எத்திசை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பதற்கும் தங்கள் ஓலைக் காற்றாடிக்கும் தொடர்புண்டென்பதைக் கண்டுகொள்வார்கள்.

இங்கே ஒருவர் எழுந்து என்னைத் தடுக்கலாம். “உப்பளத் தொழிலாளியின் பிள்ளைக்கு மறுபடியும் உப்பா? கிடுகு பின்னுபவரின் பிள்ளைக்கு மறுபடியும் ஓலையா? நாங்கள் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவது இவற்றிலிருந்து விடுவிப்பதற்கன்றோ?” என்று அவர் கேட்கலாம். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். அதற்கு விடை சொல்லாமற் கைவேலையைப் புகழ்ந்து பேசுவது நேர்மையன்று.

இந்தக் கேள்விக்கு வரலாறு உண்டு. 1937இல் காந்தியடிகள் வார்தாவிலே கூட்டிய மாநாட்டில், ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்து எல்லாப் பாடங்களையும் கற்பிக்கும் ஆதாரக் கல்வித் திட்டம் உருவாயிற்று. அதன் நோக்கம் உயர்ந்தது. ஆனால் 1953இல் சென்னை மாகாணத்திலே முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த திட்டம் வேறு வழியிற் சென்றது. பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும், மீதி நேரம் வீட்டிலே தந்தையின் தொழிலிலும் பயிலட்டும் என்றது அது. ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயர்பெற்றுப் பெரும் எதிர்ப்பை எழுப்பிற்று. செருப்புத் தைப்பவரின் மகன் செருப்பே தைக்கவேண்டும் என்பதா என்று மக்கள் கேட்டார்கள். இராஜாஜி பதவி விலகினார்; 1954இல் முதலமைச்சரான காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். எதிர்த்தவர்கள் பக்கம் நியாயமிருந்தது என்பதே என் கருத்து.

இரண்டுக்கும் வேறுபாடு எங்கே? நான் சொல்லும் வகுப்பிலே பிள்ளை உப்பு விளைவிப்பது, உப்பு வேண்டுமென்பதற்காக அன்று. பத்திலொரு பங்காகச் சுண்டும்வரை ஏன் உப்பு வரவில்லை என்று கேட்பதற்காக. முடைந்த பாயை விற்பதற்கில்லை, எண்ணுவதற்கு. கைக்குத் திறமை வருவதோடு வேலை நின்றுவிட்டால் அது தொழிற்பயிற்சி. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அது வேண்டாம். அந்த வேலையிலிருந்து ஒரு கேள்வி பிறந்து, கேள்வியிலிருந்து சொல்லும் எண்ணும் பிறக்குமானால் அது கல்வி. நகரத்தின் வசதிமிக்க வீட்டுப் பிள்ளைக்கும் அதே சிரட்டையையே கொடுப்பேன். உப்புத் தொழிலாளியின் மகளுக்கு மட்டும் சிரட்டையும், வழக்கறிஞரின் மகனுக்கு மட்டும் புத்தகமும் கொடுக்கும் பாடசாலையை ஏற்கமாட்டேன்.

தில்லையடியைப்பற்றிப் பேசும்போது சொல்லாமல் விடமுடியாத ஒரு செய்தி உண்டு. 1990ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்திலே வட மாகாணத்தின் முஸ்லிம்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணி நேரமே. ஏறத்தாழ 75,000 பேர் வீடும் காணியும் கடையும் தோணியும் விட்டு வந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலே ஒதுங்கினர். அவர்களை ஏற்றுப் பெருகிய ஊர்களுள் தில்லையடியும் ஒன்று. கிடுகுக் குடிசைகளில் வாழ்க்கை தொடங்கிற்று. உள்ளூர்ப் பிள்ளைகள் கலைந்துசென்றபின் அதே கட்டடங்களிலே பிற்பகல் வேளையில் இடம்பெயர்ந்த பிள்ளைகள் படித்தனர். தமக்கே போதாத இடத்தைப் பகிர்ந்துகொண்ட புத்தளத்து மக்களின் பெருந்தன்மையையும், அதனாலெழுந்த நெருக்கடியையும் ஒருங்கே சொல்லவேண்டும். போர் முடிந்த 2009இன் பின் சிலர் திரும்பினர். பலர் இங்கேயே வேரூன்றினர்.

இன்று அவ்வூரிலே முதலாந் தரத்தில் அமரும் பிள்ளை அந்த நிகழ்ச்சிக்குப் பல்லாண்டு பின் பிறந்தது. அதன் உம்மம்மா மன்னாரிலே பனையோலையில் பெட்டி இழைத்தவராக இருக்கலாம். மூத்தவர் ஒருவர் யாழ்ப்பாணத்துத் தெருவொன்றிலே தையற் கடை வைத்திருந்தவராக இருக்கலாம். சிலாவத்துறைப் பக்கத்து முத்துக்குளிப்பைப்பற்றித் தம் முன்னோரிடம் கேட்டவராக இருக்கலாம். இவர்களுடைய கைகளிலே உள்ள அறிவு எந்தப் பாடநூலிலும் அச்சாகவில்லை. பனையோலை இழைப்புக்கும் தென்னோலைப் பின்னலுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட உம்மம்மாவை ஒரு பிற்பகல் வகுப்புக்கு அழைத்தால் என்ன? தையற்காரர் துணியை அளக்கும் நாடாவிலே அங்குலமும் சென்ரிமீற்றரும் ஒருங்கே இருப்பதைவிடச் சிறந்த அளவைப் பாடம் வேண்டுமா? அழைக்கப்பட்ட முதியவருக்கும் இதனால் ஒன்று கிடைக்கிறது. தாம் கொண்டுவர முடிந்த ஒரே சொத்து தம் கையில் இருந்தது என்பதை அவர் பேரப்பிள்ளையின் முன்னிலையில் எடுத்துக் காட்டுகிறார். உள்ளூர்ப் பிள்ளையின் மூத்தாப்பாவும் உடன் வந்து கிடுகு பின்னிக் காட்டட்டும். இருவகைப் பிள்ளைகளும் ஒரே மேசையைச் சுற்றி நிற்கட்டும்.

சித்திரம் வரைதலைப்பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டின் எந்த மூலையில் எந்தப் பிள்ளையிடம் தாளைக் கொடுத்தாலும், இரண்டு முக்கோண மலைகள், நடுவிலே உதயசூரியன், அடியில் வளைந்தோடும் ஆறு, கரையிலே ஒரு குடிசை. தில்லையடியிலிருந்து பார்த்தால் மலையே தெரியாது. தட்டையான நிலமும், உப்புப் பாத்திகளும், அங்கங்கே திரியும் கழுதைகளும், மாலையிலே களப்பில் அமிழும் சூரியனும் தெரியும். இவற்றை வரைந்த பிள்ளையைக் காண்பது அரிது. எங்கோ ஒருவர் கரும்பலகையில் வரைந்த மலை தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்படுகிறது. “நேற்றுக் கண்டதை வரை” என்று மட்டும் சொல்லுங்கள். கழுதையின் காதை எப்படி வரைவது என்று தெரியாமற் பிள்ளை வெளியே ஓடிப் பார்த்துவிட்டு வரும். அந்த ஓட்டமே சித்திரப் பாடம்.

தமிழ்நாட்டிலே 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலமெங்கும் நான்காம் வகுப்புவரை விரிவுபெற்ற செயல்வழிக் கற்றலையும் இங்கே குறிப்பிடவேண்டும். ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தார். சுவரின் அடிப்பாகத்திலே ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் கரும்பலகை அமைந்தது. இவை பாராட்டத்தக்கவை. ஆனால் அம்முறையின் உயிர் அச்சிட்ட அட்டைகளில் வைக்கப்பட்டது. அட்டை கைக்கு வந்தவுடன் கல்லும் விதையும் வகுப்பைவிட்டு வெளியேறும் ஆபத்து இருக்கிறது. அட்டையும் ஒருவகைப் புத்தகந்தானே.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சை. கன்னங்கரா அவர்கள் கல்வி அமைச்சராயிருந்த காலத்தில் மத்திய மகாவித்தியாலயங்கள் தோன்றின. 1945இலே இலவசக் கல்வி வந்தது. ஏழைக் கிராமத்துக் கூர்மதியுள்ள பிள்ளையைப் பொறுக்கி எடுத்து நல்ல பாடசாலையில் சேர்க்கும் ஏணியாகவே அப்பரீட்சை எண்ணப்பட்டது. அந்த ஏணியால் ஏறியவர்கள் பலர். அதனை நான் இகழவில்லை. இன்றோ அதன் நிழல் மூன்றாந் தரம்வரை நீண்டுவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளை பாடசாலை விட்டதும் தனியார் வகுப்புக்குப் போகிறது. கடந்தகால வினாத்தாள்களைக் கட்டுக்கட்டாகச் செய்கிறது. “சிரட்டையிலே உப்பு எடுத்துக்கொண்டிருந்தால் என் பிள்ளை சித்தியடையுமா?” என்று கேட்கும் உம்மாவின் அச்சம் பொய்யான அச்சமன்று. அவளிடம் வேறு ஏணி இல்லை. அவளைக் குறைகூறுவது எளிது, வெட்கக்கேடும்கூட.

நான் அவளிடம் கேட்பது சிறிது. நான்காந் தரம் முடியும்வரை பிள்ளையின் பிற்பகல்களை விட்டுவையுங்கள். 32இலிருந்து 17 போனால் ஏன் 15 என்பதைக் கையால் அறிந்த பிள்ளைக்கு, ஐந்தாந் தரத்தில் வினாத்தாளைப் பழகச் சில திங்களே போதும். அறியாத பிள்ளைக்கு மூன்றாண்டுப் பயிற்சியும் போதுவதில்லை. வினாவின் எண் மாறியதும் அது திகைத்து நிற்கிறது. அதிபர்களிடம் நான் கேட்பதும் ஒன்றுண்டு. வகுப்பு மேற்பார்வைக்குச் செல்லும்போது கொப்பிகளின் பக்கங்களை எண்ணவேண்டாம். ஒரு பிள்ளையை அழைத்து, “இதை எப்படிச் செய்தாய்?” என்று கேளுங்கள்.

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இவற்றைச் செய்வது எளிதென்று நான் கூறமாட்டேன். மணல் சிந்தும், நீர் கொட்டும், சத்தம் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும். எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நாளில் ஒரே வேலை கொடுக்காதீர்கள். இரண்டு குழு உப்பிலும், இரண்டு குழு ஈர்க்கிலும், மற்றவை வாசிப்பிலும் இருக்கட்டும், மறுநாள் மாறட்டும். கத்தியும் கத்தரிக்கோலும் ஆசிரியரின் மேசையிலேயே இருக்கட்டும். துடைப்பதும் கூட்டுவதும் பாடத்தின் பகுதி. அதற்கென்று பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்தப் பத்து நிமிடத்தைப் பெண்பிள்ளைகளின் தலையிலே மட்டும் சுமத்தவேண்டாம்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளவேண்டும். உப்புப் பாடத்தை மழை ஓய்ந்த மாசி, பங்குனியிலோ, சோளகம் வீசும் ஆனி, ஆடியிலோ வைத்துக்கொள்க. ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் சிரட்டையிலே நீர் கூடுமேயன்றிக் குறையாது. அந்த நாட்களுக்கு ஓலை இருக்கிறது. உம்மம்மாவையும் அப்போதே அழைக்கலாம். வெயிற்காலத்துச் சிரட்டையில் உப்பை வழித்தெடுத்தபின் அடியிலே சிறிது நீர் வற்றாமல் எஞ்சிக் கிடக்கும். அது கசக்கும், மகனீசிய உப்புகள் மிகுந்த நீர் அது. உப்பளத்தார் அதனை வடித்துவிடுகிறார்கள். எல்லா நீரும் வற்றியபோது இது மட்டும் ஏன் வற்றவில்லை என்று யாரேனும் ஒரு பிள்ளை கேட்கும். அதற்கென்று இன்னொரு சிரட்டையை ஒதுக்கி வைத்திருங்கள்.